கட்டம்போட்ட தொப்பை

மே 18, திங்கள்

வீட்டில் இப்போது ஒரு ஆண்பிள்ளை இருக்கிறார். காலையில் குழாயடிக்குப் போனால் எனக்கு முன்னால் நின்று தொண்டையைக் காறுகிறார். எங்களுக்குக் கல்யாணம் ஆகி இருபத்துமூன்று வருஷம், மகள் ஷைனியே பெங்களூரில் நர்ஸ் வேலைக்குப் போய்விட்டாள். ஆனால் இவரும் நானும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு வருஷம் தேறாது. மஸ்கட்டில் கிரேன் ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாசம் வருவார். முதல் மாசம் விருந்து, அடுத்த மாசம் பெட்டி கட்டு.

இந்தத் தடவை, "இனி போவ மாட்டேன் பிள்ளே" என்று வந்திருக்கிறார். போன தடவையும் இதையேதான் சொன்னார். ஆகஸ்டு வரைக்கும் அவருடைய இடத்தைக் கம்பெனியில் காலியாக வைத்திருப்பார்களாம். வரமாட்டேன் என்பவருக்கு எதற்கு இடம்? நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், யூனிபார்ம் தைக்கவே எனக்கு நேரம் போதவில்லை. போனால் போகட்டும், இருந்தால் இருக்கட்டும்.

மஸ்கட்டிலிருந்து தங்கம் வரவில்லை, சென்ட் வரவில்லை. ஆளுயரப் பையில் ஒரு தூண்டில் ராடு வந்திருக்கிறது. இன்று சாயங்காலம் அதைத் தோளில் வைத்துக்கொண்டு ஆமைப்பாறைக்குப் போனார். தெருவே வேடிக்கை பார்த்தது.

மே 21, வியாழன்

மீன் இல்லை. வலது கால் செருப்பும் இல்லை. கடல் கொண்டுபோய்விட்டதாம். செருப்பு இருந்த இடத்தில்தானே காலும் இருந்திருக்கும் என்று கேட்டேன். டீ கேட்டார்.

மே 25, திங்கள்

இன்று நானே பாறைக்குப் போனேன். அவர் பிளாஸ்கை மறந்துவிட்டுப் போனார், அதனால்தான். அதை அவர் மறக்கும்படி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தது யார் என்பது வேறு கதை.

ஆமைப்பாறை எங்கள் ஊர் மாதா கோயிலுக்கு நேர் மேற்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டு கிடக்கிறது. வைகாசி, ஆனியில் கடல் குமுறும்போது மீன்பிடி வள்ளங்கள் கரையேறிவிடும். அப்போது கை அரிக்கிற ஆண்பிள்ளைகள் எல்லாம் இங்கேதான் தூண்டிலோடு நிற்பார்கள். என் தம்பி ஹிலாரி நின்றான். ரிட்டயர்டு வாத்தியார் பெல்லார்மின் சார் குடையோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டுக்காரரைத் தேடினால், எல்லோருக்கும் முன்னால், வழுக்குப் பாசியில், கடலின் வாய்க்குள்ளேயே நிற்கிறார்! ஓர் அலை வந்து முழங்கால்வரை அடித்துவிட்டுப் போனது. அவர் சிரிக்கிறார். மேட்டில் நின்றபடியே கத்தினேன்.

"ஏதும் அறிவு இருக்கா உங்களுக்கு? மேல வாருங்க!"

"துறைக்காரன் மவனுக்கு நீ கடல் படிப்பிக்கியா?"

துறைக்காரன் மகன்தான், கடலோரத்தில் பிறந்தவர்தான். ஆனால் மீசை முளைக்கும் முன்பே ஐ.டி.ஐ. ஹாஸ்டலுக்குப் போனவர், அங்கிருந்து நேரே மஸ்கட். கடலை அவர் பார்த்ததெல்லாம் விமான ஜன்னலில்.

ஹிலாரிதான் சொன்னான். "அத்தான், வந்த உடனே தூண்டிலப் போடப்பிடாது. கொஞ்ச நேரம் சும்மா நின்னு கடலப் பாக்கணும். பெரிய அல தனியா வராது, கூட்டாளிகளோட வரும். நனைஞ்ச பாறையில நிக்கப்பிடாது. அங்க அல வந்துட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். கடலுக்கு முதுகக் காட்டவே பிடாது. காத்து இல்லாத நாளுதான் மோசம், கள்ளக்கடல் சத்தம் போடாம ஏறும்."

இதெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற ஆள் என்பது எனக்குத் தெரியும். ரவிக்கைக்குள் துணியில் கோடு போடும் சாக்பீஸ் இருந்தது. ஈரம் முடிந்து காய்ந்த பாறை தொடங்கும் இடத்தைப் பார்த்தேன். அதிலிருந்து தையலுக்கு இடம் விடுகிற மாதிரி இன்னும் கொஞ்சம் தள்ளி, பாறை நெடுகக் கோடு போட்டேன்.

"இதுக்கு அந்தப் பக்கம் உங்க காலு போவப்பிடாது."

பெல்லார்மின் சார் சிரித்த சிரிப்பில் குடை மடங்கிவிட்டது.

மே 28, வியாழன்

சாக்பீஸ் கோடு அன்றைக்கே அழிந்துபோயிற்றாம். ஹிலாரி வள்ளத்துக்கு அடித்து மீந்த மஞ்சள் பெயிண்டைக் கொண்டுபோய் நானே அடித்துவிட்டு வந்தேன். புடவையெல்லாம் மஞ்சள். ஆறாம் வகுப்புச் சட்டைகளுக்குப் பொத்தான் வைக்கவேண்டும். ஒன்றும் ஓடவில்லை.

ஜூன் 3, புதன்

ஷைனியிடம் சொல்லி வரவழைத்த லைஃப் ஜாக்கெட் வந்தது. நல்ல ஆரஞ்சு நிறம், கண்ணைக் குத்துகிறது.

"இதப் போட்டுட்டுப் பாறையில நின்னா பயலுவ சிரிப்பானுவ. நான் என்ன சுற்றுலா வந்தவனா?"

"சிரிச்சா பல்லுதான தெரியும்?"

"முடியாதுன்னா முடியாது."

வீம்பு என்றால் வீம்பு. நானும் அவருக்குக் குறைந்தவள் இல்லை. மத்தியானம் அவர் தூங்கும்போது ஜாக்கெட்டை மேஜையில் விரித்து அளவெடுத்தேன். எட்டாம் வகுப்புக்கு வெட்டிய நீலக் கட்டத்துணி மீதி இருந்தது. வாரும் பூட்டும் வெளியே வரும்படி ஓட்டை விட்டு, காலர் வைத்து, முன்பக்கம் பொத்தான் வைத்து, மேலே உறை மாதிரி ஒரு சட்டை தைத்துவிட்டேன். போட்டால் உள்ளே இருப்பது தெரியாது. எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் தடியா தெரியுதே?"

"கல்ஃபுல இருந்து வந்தவனுக்குத் தொப்ப இருந்தா எவன் கேப்பான்?"

போட்டுக்கொண்டு போனார். சிரிப்பை அடக்க நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

ஜூன் 7, ஞாயிறு

பூசை முடிந்து வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "டெல்பினு, நேத்து பாறைக்குப் போறப்பப் பாத்தோம், உனக்க வீட்டுக்காரரு இப்பிடிப் பெருத்துட்டாரே! என்னத்தப் போட்டுக் குடுக்க?" நான் என்னத்தைச் சொல்ல? "வாய்க்கு ருசியா ஆக்கிப் போடுதேன்" என்றேன். கோயில் வாசலில் நின்று பொய் சொன்னதற்கு ஒரு மெழுகுதிரி வைக்கவேண்டும். ஆனால் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 11, வியாழன்

முதல் மீன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கலவா. அதைத் தெருவின் இந்தக் கடைசியில் இருந்து அந்தக் கடைசிவரை காட்டிவிட்டு வந்தார். நேர்வழியில் வந்தால் வீடு நாலு எட்டு. பொரித்ததில் பெரிய துண்டை என் தட்டில் வைத்தார். முள் அதிகம்.

ஜூன் 16, செவ்வாய்

இன்று எழுத முடியாது. அவர் பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிறார். விடட்டும். நல்லா விடட்டும்.

ஜூன் 17, புதன்

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் காற்றே இல்லை. கடல் எண்ணெய் தடவினது போலக் கிடந்தது. டீ கொடுத்துவிட்டு நான் பாறையின் மேட்டில் உட்கார்ந்திருந்தேன். (தினமும் டீ கொண்டுபோகிறேன். பிளாஸ்க் அவருக்குக் கனமாம்.) அவர் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நின்றார், அதைச் சொல்லவேண்டும். ஹிலாரியும் பெல்லார்மின் சாரும் எனக்குப் பக்கத்தில், மேட்டில்.

ஆறு மணிக்குக் கோயிலில் மூவேளைச் செபத்துக்கு மணி அடித்தது. எங்கள் துறையில் இந்த மணி கேட்டால் யாராக இருந்தாலும் எந்த வேலையில் இருந்தாலும் அப்படியே நிறுத்தி, கோயில் கோபுரத்தைப் பார்த்துத் திரும்பி, சிலுவை போட்டு, கண்ணை மூடிச் செபிப்போம். தாய்ப்பால் குடிக்கும்போதே வந்துவிடுகிற பழக்கம். பாறையில் எல்லோரும் ராடைக் கீழே வைத்தார்கள். எல்லோரும் கோயிலைப் பார்த்துத் திரும்பினோம். நானும்தான். கடலுக்கு முதுகைக் காட்டக்கூடாது என்று நாள் பூராவும் சொல்லுகிற ஹிலாரியும்தான். பாறை முழுக்கக் கடலுக்கு முதுகு! ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை.

இரண்டாவது ‘அருள் நிறை மரியே’ செபம் பாதியில் இருக்கும்போது பின்னால் யாரோ தள்ளுவது போலத் தண்ணீர் வந்து இடுப்பில் அடித்தது. மேட்டிலேயே இடுப்பளவு! ஹிலாரி என் கையைப் பிடித்துவிட்டான். கண்ணைத் திறந்தேன். கோடு இருந்த இடமெல்லாம் நுரை. அவர் நின்ற இடத்தில் அவர் இல்லை.

என் வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று எனக்கே தெரியாது.

அப்புறம் நுரைக்கு நடுவில் நீலக் கட்டம் தெரிந்தது. ஒரு தலை. பாறையில் அடிபடுகிற தூரத்தில் இல்லை, நல்லவேளை, இழுத்த அலை வெளியே கொண்டுபோய்விட்டிருந்தது. நான் இறங்கி ஓடப் பார்த்தேன். ஹிலாரி என்னைப் பெல்லார்மின் சார் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கத்தினான்: "அத்தான்! பாறைக்கு வராதிய! நீந்தாதிய! மல்லாந்து கெடங்க! கடலே மணலுக்குக் கொண்டு போடும்!"

அவர் மல்லாந்து கிடந்தார். சொன்னபடியே கிடந்தார். கையைக்கூட அசைக்கவில்லை. பெல்லார்மின் சார் ஒரு கையால் என்னைப் பிடித்தபடியே, இதற்கென்று பாறையில் வைத்திருக்கிற, கயிறு கட்டின காலிக் கேனை வீசினார். முதல் தடவை எட்டவில்லை, அடுத்த தடவை கைக்குப் போயிற்று. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் ஆடி ஆடி, பாறைக்கு வடக்கே மணல் இருக்கிற பக்கமாக ஒதுங்கினார். அதற்குள் ஊர்ச் சனம் வந்துவிட்டது. ஆண்கள் கையோடு கை கோத்துச் சங்கிலியாகத் தண்ணீரில் இறங்கிக் காலரைப் பிடித்து இழுத்தார்கள். கிழியவில்லை. நான் வைத்த காலர்.

கரையில் கொண்டுவந்து போட்டார்கள். பொத்தான்கள் தெறித்து, உள்ளே இருந்த ஆரஞ்சு ஊருக்கே தெரிந்தது. கைலி கடலோடு போயிற்று. என் புருஷன் கட்டம்போட்ட தொப்பையும் ஜட்டியுமாகப் பங்குச் சாமியார் முன்னால் கிடந்தார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை:

"ராடு போச்சே பிள்ளே."

ஓங்கி ஓர் அறை விட்டேன். அப்புறம் கட்டிப்பிடித்துக்கொண்டேன். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சனம் அவரைப் புகழ்ந்தது. என்ன நிதானம், என்ன தைரியம், வேறு யாராவது என்றால் பாறையைப் பிடிக்க நீந்திப்போய் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பான் என்று. அவர் அடக்கமாகத் தலையாட்டிக்கொண்டே வந்தார். கதவைச் சாத்தியதும் என் காதுக்குள் சொன்னார்:

"எனக்கு நீந்தத் தெரியாது பிள்ளே. எவங்கிட்டயும் சொல்லிராத."

இருபத்துமூன்று வருஷமாக என்னிடமே சொல்லாத ரகசியம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

ஜூன் 20, சனி

இனிமேல் பாறைப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டேன். "சரி" என்றார். சண்டை போடுவார் என்று நான் தயாராக இருந்தது வீணாகப் போயிற்று.

ஜூன் 23, செவ்வாய்

பொத்தான் டப்பாக்களை எல்லாம் அளவு வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார். நூல்கண்டுகளை நிறம் வாரியாக அடுக்கியிருக்கிறார். எனக்கு ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நான் தைப்பதையே பார்க்கிறார். ஊசி நுழைத்துத் தரட்டுமா என்கிறார். கடலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த மனிதர் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி ஆகிவிட்டார்.

ஜூன் 25, வியாழன்

மத்தியானச் சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னார்: "கம்பெனியில இருந்து விளிச்சானுவ. ஆகஸ்டு முதல் வாரம் வாறேன்னு சொல்லிட்டேன்."

"நல்லதாப் போச்சு" என்றேன். சாயங்காலம் ஒரு பையனுடைய கால்சட்டைக்கு இரண்டு இடது காலைத் தைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 26, வெள்ளி

இரண்டு காலையும் பிரித்துவிட்டு நேரே பங்குச் சாமியார் வீட்டுக்குப் போனேன். வீட்டில் நடப்பதை என்னால் மாற்ற முடியாவிட்டால் ஊரில் நடப்பதையாவது மாற்றவேண்டாமா?

"ஃபாதர், மணி அடிக்கும்போது பாறையில நிக்கவன் கடலப் பாத்துச் செபிச்சா பாவமா?"

கோயில்பிள்ளை, அதாவது மணி அடிக்கிறவர், குறுக்கே விழுந்தார். "கோயிலுக்கு முதுகக் காட்டிச் செபிக்கதா? எந்த ஊர்ல உண்டு?"

"ஆண்டவர் கடல்மேல நடந்தவருதான? அப்போ அந்தப் பக்கம் இருக்க மாட்டாரா?" என்றேன்.

சாமியார் வாயைக் கையால் மூடிக்கொண்டார். சிரிப்பு தாங்கவில்லை போல.

ஜூன் 28, ஞாயிறு

பூசை முடிவில் அறிவிப்பு வாசித்தார்கள்: பாறையிலும் கரையிலும் தூண்டில் போடுகிறவர்கள் இனிமேல் மூவேளை செபத்தைக் கடலைப் பார்த்தபடி, கண்ணைத் திறந்தபடி, மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நின்று சொல்லவேண்டும். மஞ்சள் கோடு! என் பெயிண்டைப் பீடத்திலிருந்து வாசிக்கிறார்கள். கோயில்பிள்ளை மட்டும் உர்ரென்று இருந்தார்.

வெளியே வந்தால் ஹிலாரியும் அவன் கூட்டாளிகளும் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களும் ஜாக்கெட் வாங்கப்போகிறார்களாம். "அக்கா, எங்களுக்கும் அத்தானுக்கத் தொப்ப ஒண்ணு தச்சுத் தா." பெல்லார்மின் சாருக்குப் பூப்போட்ட துணியில் வேண்டுமாம். வயசான காலத்தில் ஆசையைப் பார்.

இவர் தூரத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 30, செவ்வாய்

இன்று கேட்டுவிட்டேன். இவ்வளவு நாள் கேட்காமல் வைத்திருந்ததை எல்லாம் கேட்டேன். மிஷினை நிறுத்திவிட்டு, முகத்துக்கு நேராக.

"எதுக்குப் போறிய?"

கொஞ்ச நேரம் பொத்தானை உருட்டிக்கொண்டிருந்தார். "அங்க நான் இல்லன்னா கிரேன் நிக்கும். என்னத் தேடுவானுவ. இங்க எல்லாம் நான் இல்லாமயே ஓடுது பிள்ளே. உனக்க மிஷினு ஓடுது, வீடு ஓடுது. நான் ஆருக்கு வேணும்?"

"எனக்கு வேணும்" என்றேன்.

சொல்லிவிட்டேன். இருபத்துமூன்று வருஷமாகப் போனில்கூடச் சொன்னதில்லை. அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதோடு கோபமும் வந்தது. "கடலுக்கு அந்தப் பக்கம் போனியன்னா திரும்பி வருவியளான்னு பாத்துட்டே இருந்தேன். இந்தப் பக்கம் வந்த பெறவு கண்ணு முன்னால கடலுக்குள்ள போனிய. அதுக்குத்தான் போவாண்டாம்னு சொன்னேன். வீட்டுல அடச்சு வச்சு உங்கள மறுபடியும் மஸ்கட்டுக்கு ஏத்தி விடவா சொன்னேன்?"

அவர் என் முந்தானையை எடுத்து என் மூக்கைத் துடைத்துவிட்டார். முரட்டுக் கை. மூக்கு இன்னும் எரிகிறது.

சாயங்காலம் ஷைனிக்குப் போன் போட்டு இன்னொரு ஜாக்கெட்டுக்குச் சொன்னேன். சின்ன சைஸ்.

"ஆருக்கும்மா?"

"எனக்குத்தான்" என்றேன். சிரித்து முடிக்கட்டும் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

ஜூலை 4, சனி

ஊர் சிரித்தாலும் சிரிக்கட்டும். என் ஜாக்கெட்டுக்கு மெரூன் நிறத்தில் உறை தைத்தேன், கழுத்தில் லேஸ் வைத்து. குளச்சலுக்குப் போய்ப் புது ராடு வாங்கிவந்தோம். நாலு மணிக்கு இரண்டு தொப்பையும் ஜோடியாகத் தெருவில் நடந்து பாறைக்குப் போயின.

முதலில் சும்மா நின்று கடலைப் பார்த்தோம். போதும் என்று ஹிலாரி தலையாட்டின பிறகுதான் ராடைத் தொட்டார். இரண்டு வீச்சுக்குப் பிறகு என் கையில் கொடுத்தார். "பிடிச்சுப் பாரு." நான் மாட்டேன் என்றேன். கொஞ்சம் மெல்லத்தான் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் ராடு குனிந்தது. குனிந்தது என்றால், என்னையும் சேர்த்து இழுத்தது! நான் "ஐயோ மாதாவே" என்று ஓர் எட்டு முன்னால் போய்விட்டேன். அவர் பின்னாலிருந்து என் ஜாக்கெட்டின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி நின்றார். பாரமான சாமானைக் கிரேனில் தூக்குகிறவர் ஆயிற்றே, குரலே மாறிவிட்டது.

"இழுக்காத! தூண்டில் நரம்ப விடு, விடு, அது ஓடட்டும். நிறுத்து. இப்ப ராடத் தூக்கு. மெல்ல! எறக்கிட்டே சுத்து. தூக்கு. எறக்கு, சுத்து. ஆடாம கொண்டு வா. அப்பிடித்தான், அப்பிடித்தான்!"

அந்த நேரம் பார்த்து அவர் பைக்குள் போன் அடித்தது. நீளமாக அடித்தது. பையின் பக்கம் இருந்த பெல்லார்மின் சார் எடுத்துப் பார்த்துவிட்டு, "ததேயூஸு, உனக்கு மஸ்கட்டுல இருந்து போனு! டிக்கெட் போடதுக்கா இருக்கும்!" என்று கத்தினார்.

எனக்குக் கை வலி, தோள் வலி, கடல் சத்தம். அதையெல்லாம் தாண்டி என் காது மட்டும் பின்னால்தான் இருந்தது.

"அடிக்கட்டும் சார்!" என்று அவரும் கத்தினார். "எனக்கு ரெண்டு கையிலயும் சோலி இருக்கு!"

வாரை இன்னும் இறுக்கிப் பிடித்தார். மூச்சு முட்டியது. விடச் சொல்லவில்லை.

பாரை மீன். வெள்ளியாக, என் கை நீளத்துக்கு. ஹிலாரி அலை இறங்கின சமயம் பார்த்துக் கொக்கி போட்டு மேலே தூக்கினான். பாறையில் இருந்த எல்லோரும் கூத்தாடினார்கள். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பாறைக்கூட்டம் மொத்தமும் வீட்டில். நான் அடுப்படியில் குழம்பு கொதிக்கவிட்டிருந்தேன். அவர் முற்றத்தில் நின்று மஸ்கட்டுக்குப் போன் போட்டார். "இல்ல சார். வரல சார். அந்த எடத்துக்கு வேற ஆளப் போட்டுருங்க. ஆமா, இங்க ஒரு வேல கெடச்சிருக்கு. இல்ல சார், கிரேன் இல்ல" என்று அவர் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது.

குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். எல்லோரும் ஒன்றும் சொல்லாமல் தின்றார்கள். அவர் மட்டும் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.